அண்ணை குடுத்த சம்பளம்

றெமிஜியசுக்கு வருஷத்தில் மூன்று தரம் நாட்டைப் பற்றிக் கவலை வரும். நத்தாருக்கு ஒரு தரம், ஈஸ்டருக்கு ஒரு தரம், பிள்ளைகளின் விசேஷம் ஏதாவதுக்கு ஒரு தரம். நகரத்துக்கு வெளியே விட்பியில் வாங்கிப் போட்டிருக்கிற வீட்டின் பின்வளவில் நின்று, அடுப்பில் இறைச்சியைப் புரட்டிப் புரட்டி அந்தக் கவலையைச் சத்தம் போட்டுப் படுவார்.

"இந்த வெல்பெயர்ச் சனத்தாலதான் நாடு நாறுது. நாங்கள் முறிஞ்சு ரக்ஸ் ரக்ஸெண்டு வரி கட்டுறம். அவையள் கவுண்மென்ற் வீட்டில காலுக்கு மேல காலைப் போட்டுக்கொண்டு இருக்கினம்."

சொல்லி முடித்தபிறகு, கவுண்மென்ற் வீட்டில் இருக்கிற தன் தங்கச்சி வேரோனிக்காவின் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லேல்லை, நீ சாப்பிடு" என்பார்.

வேரோனிக்கா சாப்பிடுவாள். வேறென்ன செய்யிறது? ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸும் ரெயினும் மாறி மாறி வந்த பசி. முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைத் தூக்கிக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிறவள் அவள். காலுக்கு மேல் காலைப் போட்டுக் கடைசியாக எப்போது இருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அண்ணனின் பேச்சைக் கேட்டுக்கொண்டு கோழிக்காலைக் கடிப்பாள். அந்த நேரம் அவள் கடிப்பது கோழியை மட்டுமல்ல என்பது பக்கத்தில் இருக்கிற புருஷன் யேசுரட்ணத்துக்குத் தெரியும். அந்த மனுஷன் சோடா குடிப்பார்.

அவள் வீட்டு வாடகைக் கணக்கை ஒருக்கால் விளங்கிக்கொண்டால்தான் மிச்சக் கதை விளங்கும், கொஞ்சம் பொறுங்கோ. யேசுரட்ணத்துக்கு பிளாஸ்ரிக் பக்டரியில் முதுகு போய்விட்டது. உடம்பு ஏலாதவர்களுக்குக் கொடுக்கிற காசுக்கு இரண்டு தரம் எழுதிப்போட்டார். இரண்டு தரமும், உம்மால் ஏலும் என்று பதில் வந்தது. அவர் கட்டிலிலிருந்து எழும்புகிறதை அதை எழுதினவர்கள் ஒரு நாள் வந்து பார்த்திருக்க வேணும். மகள் ஸ்டெபனி பள்ளிக்கூடம் போகிறாள். மூன்று சீவனுக்கும் வேரோனிக்காவின் அரைநேரச் சம்பளம்தான். அது காணாது என்று கவுண்மென்றே ஒப்புக்கொண்டு, மாதாமாதம் வெல்பெயரிலிருந்து கொஞ்சக் காசு சேர்த்துப் போடுகிறது. வேலைக்கும் போய் வெல்பெயரும் எடுக்கலாமோ என்று கேட்பீர்கள். எடுக்கலாம். முறிந்து வேலை செய்தாலும் வயிறு நிரம்பாது என்பது இந்த நாட்டுக்கு நன்றாகத் தெரியும், அதற்கென்று அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காசு வருகிறவரைக்கும், சம்பளமும் ஒரு கோட்டுக்குக் கீழே நிற்கிறவரைக்கும், வாடகை இருநூற்றுச் சொச்சம். சம்பளம் கோட்டைத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். பிறகு வருமானத்தில் நூற்றுக்கு முப்பது. கோட்டுக்கு மேல் பத்து டொலர் உழைத்தவள் வாடகையில் நூற்றுக்கணக்கில் கட்டவேண்டிவரும். இப்படி ஒரு கணக்கைப் போட்ட புண்ணியவான் யாரோ, தன் வீட்டு வாடகையைத் தானே கட்டியிருக்கமாட்டான்.

ஆகவே வேரோனிக்கா மாதத்தின் கடைசிக் கிழமையில் பொய் சொல்லுவாள். சனிக்கிழமை ஆள் இல்லை, வாறியா என்று மனேஜர் போன் எடுப்பாள். வேலைக்குப் போக ஆசையாய் இருக்கிற பொம்பிளை, தலையிடி என்று சொல்லிப் போனை வைப்பாள். பிறகு தலையிடி உண்மையிலேயே வந்துவிடும். தமிழ் ஆக்களுக்குச் சோம்பல் கூட என்று மனேஜர் மற்றவர்களிடம் சொன்னது இவள் காதுக்கும் வந்தது. எட்டு வருஷமாக அந்தக் கோட்டைக் காலால் தடவித் தடவிக் கீழேயே நடந்து வந்தாள்.

மே மாதக் கடைசியில் இரண்டு கடிதம் வந்தது. வீட்டு ஒஃபீசிலிருந்து வந்ததில், ஜூலை முதலாம் திகதியிலிருந்து வாடகை தொளாயிரத்து ஐம்பத்திரண்டு டொலர் என்று இருந்தது. மற்றது வெல்பெயர் ஒஃபீசிலிருந்து. நீங்கள் அறிவிக்காமல் உழைத்திருக்கிறீர்கள், காசை நிற்பாட்டுகிறோம், போன வருஷம் எடுத்ததைத் திருப்பிக் கட்டுவது பற்றிப் பிறகு எழுதுவோம்.

வேரோனிக்கா கடிதத்தைத் திருப்பி மேல் விலாசத்தைப் பார்த்தாள். அவளுடைய விலாசம்தான். பக்கத்து வீட்டுச் சோமாலிப் பொம்பிளைக்கு வரவேண்டியது மாறி வந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நப்பாசைப்பட்டதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் வேலையை விட்டு வந்த உடுப்போடேயே வீட்டு ஒஃபீசுக்குப் போனாள். அவளுடைய பைலைப் பார்க்கிற பிள்ளைக்குப் பெயர் கௌசி. இங்கே பிறந்த பிள்ளை, தமிழைக் கல்லுக் கல்லாய் அடுக்கிக் கதைக்கும், ஆனால் மரியாதை தெரிந்தது.

"அன்ரி, உங்கட ரக்ஸ் பேப்பரில ரெண்டு வேலை இருக்கு. ஒண்டு நேர்சிங் ஹோம். அது ஓகே. மற்றது ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"எது மற்றது?"

கௌசி கொம்பியூட்டரை அவள் பக்கம் திருப்பினாள். றெமி அன்ட் சன்ஸ் பேஸ்மென்ற்ஸ்: வீடுகளின் நிலவறையைத் திருத்திக் குடுக்கிற அண்ணனின் கொம்பனி. இருபத்தாறாயிரம் டொலர் சம்பளம்.

வேரோனிக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு மூன்றும் பெட்டைகள், அந்த 'சன்ஸ்' எங்கேயிருந்து வந்ததென்று அவள் எப்பவும் யோசிக்கிறது. அதற்குப் பிறகுதான் சம்பளத்தின் பக்கத்தில் இருந்த பேர் தன்னுடையது என்று உறைத்தது. கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, உங்கட சின் நம்பரை ஆருக்கும் குடுத்தனீங்களா?"

குடுத்தாள். ஏன் குடுக்காமல்? ஒன்றரை வருஷத்துக்கு முதல், வேலை இடைவேளையில் சோத்துப் பெட்டியைத் திறந்த நேரம் அண்ணன் போன் எடுத்தார். "உன்ர சின் நம்பரை ஒருக்காச் சொல்லு. ரக்ஸில ஒரு சின்ன அலுவல். உனக்கு ஒண்டும் வராது." வேலைக்கும் ரக்ஸுக்கும் கவுண்மென்ற் ஆளுக்கொன்றாய்க் குடுக்கிற அந்த ஒன்பது இலக்கத்தையும் மூச்சு விடாமல் சொன்னாள். என்ன அலுவல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முதல் ஏஜென்சிக்குக் காசு கட்டி அவளைக் கொழும்பிலிருந்து இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அவர். அந்தக் காசை ஐந்து வருஷத்தில் திருப்பிக் கட்டி முடித்துவிட்டாள். ஆனால் கூப்பிட்டவனிடம் ஏன், எதற்கு என்று கேட்கிற பழக்கம் எங்கட சனத்தில் எந்த வீட்டில் இருக்கிறது? அண்ணன் கிட்னியைக் கேட்டிருந்தாலும் எந்தப் பக்கத்துக் கிட்னி என்றுதான் கேட்டிருப்பாள்.

ரக்ஸ் பேப்பரில் கையெழுத்து வைத்ததும் அவள்தான். பிளாசாவின் மேல்மாடியில் இரத்தினவேல் என்று ஒரு மனுஷன் இருக்கிறார், சொந்தக்காரர் முழுப்பேருக்கும் அவர்தான் ரக்ஸ் செய்கிறது. பங்குனி மாதத்தில் அவரிடம் போனால் படியில் நின்று சனம் வரிசை. அவர் கொம்பியூட்டரைத் தட்டுவார், கவுண்மென்றிடமிருந்து சம்பளத் துண்டுகள் தானாய் வந்து நிற்கும், "இதில வையுங்கோ, இதில வையுங்கோ" என்பார். வைத்துவிட்டு வருகிறதுதான். அங்கே போய்ப் பேப்பரை வாசித்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்கிறவை செருமுவினம்.

வேரோனிக்கா ஒஃபீசிலிருந்து நேராய் அவரிடம் போனாள். இந்தமுறை வரிசை இல்லை. இரத்தினவேல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அண்ணை உங்களோட கதைச்சிருப்பார் எண்டு நான் நினைச்சன் தங்கச்சி."

"அப்ப நீங்கள் ஒரு சொல்லு என்னைக் கேட்டிருக்கலாமே?"

"குடும்ப விஷயத்துக்குள்ள நான் எப்பிடித் தலையைப் போடுறது?"

குடும்ப விஷயமாம். குடும்பத்துக்குள் தலையைப் போடாத அந்த மனுஷன், அதே குடும்பத்தின் இரண்டு பக்கத்துக்கும் பேப்பர் செய்து இரண்டு பக்கத்திடமும் காசு வாங்கியிருக்கிறார். பூராயம் இதுதான்: றெமிஜியஸ் வேலையாட்களுக்குக் கணக்கில் காட்டாமல் கையில் காசு குடுத்து வேலை செய்விக்கிறவர், அந்தச் செலவைப் பேப்பரில் கழிக்க ஏலாது. லாபம் கூடத் தெரிந்தால் ரக்ஸ் கூட. ஆகவே தங்கச்சிக்குச் சம்பளம் குடுத்ததாய் எழுதினார். மனுஷிக்கும் ஏற்கெனவே அப்படித்தான் எழுதி வைத்திருந்தார், அங்கே இனி இடமில்லை. ஊரில் உள்ள எல்லாப் பேரையும் விட்டு, ஒவ்வொரு டொலரையும் கோட்டுக்குக் கீழே அடக்கி வைத்திருக்கிறவளின் பேர்தான் அவருக்குக் கிடைத்தது.

கௌசி வழி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். கடிதத் திகதியிலிருந்து முப்பது நாளுக்குள், வேலை குடுத்தவர் ஒரு படிவத்தில், அதுதான் பாரத்தில், கையெழுத்து வைக்கவேணும்: இவர் எங்களிடம் வேலை செய்யவில்லை, சம்பளம் பெறவில்லை, அந்தச் சம்பளத் துண்டு பிழையாய்ப் போடப்பட்டது. அதைக் குடுத்தால் வாடகையும் ஏறாது, வெல்பெயரும் திரும்ப வரும். அவர் வைக்காவிட்டால் வேரோனிக்கா ரக்ஸ்காரருக்குத் தானே எழுதலாம், அவர்கள் விசாரிக்க ஒரு வருஷமும் எடுக்கும், அதுவரைக்கும் தொளாயிரத்து ஐம்பத்திரண்டைக் கட்டிக்கொண்டு இருக்கவேணும். கட்டாவிட்டால் வீடு போகும். அந்த வீட்டுக்குப் பேர் பதிந்துவிட்டுப் பதினொரு வருஷம் பேஸ்மென்றில் காத்திருந்தவர்கள் அவர்கள். போனால் திரும்பவும் கடைசியிலிருந்துதான்.

அண்ணனுக்குப் போன் எடுத்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். ஒரு மன்னிப்பும் வாயில் வரவில்லை.

"உதுக்குப் போய் ஏன் அந்தரப்படுறாய்? மாசம் இருநூறு நான் தாறன். கையில தாறன்."

"எழுநூறு ஏறுது அண்ணை. வெல்பெயரும் நிண்டிட்டுது. நீங்கள் அந்தப் பாரத்தில ஒரு கையெழுத்து வையுங்கோ, காணும்."

"வைச்சா என்னை நோண்டத் தொடங்கிடுவாங்கள். ஒண்டை இழுத்தா எல்லாம் வரும். உனக்குத்தான் கவுண்மென்ற் இருக்கே, அவங்கள் நடுறோட்டில விடுவாங்களே?" பிறகு குரலை இறக்கி, "கூப்பிட்டவனைக் காட்டிக் குடுக்காதை பிள்ளை" என்றார்.

ஸ்டெபனி சாப்பாட்டு மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, திஸ் இஸ் ஃப்ரோட். மாமா மேல பொலீசில சொல்லுங்கோ." யேசுரட்ணம் அவளை வாயை மூடச் சொன்னார். பிறகு மனுஷியிடம், "அத்தானோட கொழுவினா நாங்கள் ஆரிட்டைப் போறது?" என்றார். இதுவரைக்கும் ஆரிடம் போய் என்ன கண்டது என்று வேரோனிக்காவின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. மனுஷனின் முகத்தைப் பார்க்கப் பாவமாய் இருந்தது, விழுங்கிவிட்டாள். அந்தக் கிழமை முழுக்க அவள் நித்திரை கொள்ளவில்லை. பயம் ஒரு பக்கம், அண்ணனை நினைக்க வருகிற ஆத்திரம் மற்றப் பக்கம். ஆத்திரம்தான் கூட.

ஜூன் நடுவில் ஞாயிற்றுக்கிழமை, றெமிஜியசின் கடைசிப் பெட்டைக்கு முதல் நன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிந்து விட்பி வீட்டில் விருந்து. பின்வளவில் பெரிய கூடாரம், வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கதிரைகள், மூன்று தட்டுக் கேக். கோயில் ஆக்கள், வேலை ஆக்கள், இரத்தினவேல் உட்பட எழுபது பேர் இருக்கும். வேரோனிக்கா பாரத்தை நான்காய் மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். அண்ணனைத் தனியே பிடித்துக் கெஞ்சுகிறதுதான் அவளுடைய எண்ணம். கோயிலில் முழங்காலில் நின்று அதற்குத்தான் மன்றாடினாள். மூன்று தரம் கிட்டப் போனாள். மூன்று தரமும் அவர், "பிறகு, பிறகு, சனம் நிக்குது" என்று விலகினார்.

யேசுரட்ணத்தைக் கேக் மேசைக்குக் கிட்ட ஒரு கதிரையில் இருத்திவிட்டுக் குசினிக்குள் போனாள். அங்கே பேபி மச்சாள், றெமிஜியசின் மனுஷி, றோல்ஸைத் தட்டில் அடுக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, மனுஷர் சொல்லியிருக்கமாட்டார். தெரிந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாளோ?

"இந்த வருஷம் கர்த்தர் கண் திறந்திட்டார் வேரோனி. இவரின்ர வருமானம் குறைஞ்சுபோச்செண்டு கவுண்மென்ற் சைல்ட் பெனிபிற் காசை மூண்டு பிள்ளையளுக்கும் வடிவாக் கூட்டிப் போட்டிருக்கிறாங்கள். அந்தக் காசிலதான் இந்தக் கூடாரமும் கேக்கும். உங்களுக்கும் கூட்டினவங்களே?"

"இல்லை மச்சாள். எங்களுக்கு ஜூலையில இருந்து குறையுதாம்."

"ஏனாம்?"

"நான் கூட உழைச்சிட்டனாம்."

பேபி மச்சாள் சந்தோஷப்பட்டு அவள் தோளில் தட்டினாள். வேரோனிக்கா றோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பெட்டைக்கு வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி, சுற்றிவரச் சிரிப்பு. எல்லாம் கவுண்மென்ற் காசு. அதுவும் தன்னுடைய பேரைப் பிழிந்து எடுத்த கவுண்மென்ற் காசு.

அந்த நேரம் பார்த்து றெமிஜியசுக்கு நாட்டைப் பற்றிக் கவலை வந்தது.

"இந்த வெல்பெயர்ச் சனம் இருக்கே," என்று தொடங்கினார், இறைச்சிக் கிடுக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சுற்றியிருந்த கோயில் ஆக்கள் தலையாட்டினார்கள். இரத்தினவேலும் வாயில் றோல்ஸோடு தலையாட்டினார். "வேலைக்குப் போறதில்லை. வீடும் சும்மா, காசும் சும்மா. எங்கட முதுகிலதான் ஏறி இருக்கினம்." பிறகு வழமைபோலத் திரும்பினார். "உன்னைச் சொல்லேல்லை வேரோனி, நீ சாப்பிடு."

வேரோனிக்கா தட்டை மேசையில் வைத்தாள்.

"என்னைச் சொல்ல ஏலாதுதானே அண்ணை. நான் உங்களிட்டையெல்லோ வேலை செய்யிறன்."

பக்கத்தில் நின்ற ஒருவர், "அப்பிடியே, நல்லது நல்லது" என்றார். றெமிஜியசின் முகம் மாறியது. "அது பிறகு கதைப்பம்."

"பிறகெண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டியள். போன வருஷம் முழுக்க உங்களிட்டை வேலை செய்து இருபத்தாறாயிரம் சம்பளம் எடுத்தனெண்டு நீங்கள்தான் எழுதிக் குடுத்தனீங்கள். பேப்பர் கவுண்மென்றிட்டை இருக்கு. காசு என்னட்டை வரேல்லை. எனக்கு ஜூலை வாடகை கட்டவேணும். என்ர சம்பளத்தைத் தாங்கோ."

அவள் கத்தவில்லை. நேர்சிங் ஹோமில் காது கேளாத கிழவருக்குச் சொல்லுகிற மாதிரி, சொல்லுச் சொல்லாய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். பக்கத்து மேசையில் கதை நின்றது. அதற்கு அடுத்த மேசையிலும் நின்றது. இரத்தினவேல் சாப்பாட்டுக் கோப்பையை மெதுவாய்க் கீழே வைத்துவிட்டுக் கார்த் திறப்பைத் தேடினார்.

சனத்துக்கு முன்னால் சம்பளம் குடுக்காதவன் என்று பேர் எடுக்கிறதை றெமிஜியசால் தாங்க ஏலாது. வேலையாட்களும் அங்கேதான் நின்றார்கள்.

"உனக்கென்ன விசரே? நீ எங்கை என்னட்டை வேலை செய்தனி? ஒரு நாள், ஒரு மணித்தியாலம் நீ என்ர பேஸ்மென்றுக்குள்ள கால் வைச்சிருக்கிறியா? நீ வேலையும் செய்யேல்லை, நான் ஒரு சதம் தரவும் இல்லை."

வேரோனிக்கா கைப்பையைத் திறந்து பாரத்தை எடுத்தாள். மடிப்பை விரித்து, றோல்ஸ் தட்டை அங்காலே தள்ளி, கேக் மேசையில் வைத்தாள்.

"அதைத்தான் அண்ணை இதில எழுதியிருக்கு. கையெழுத்து மட்டும் வையுங்கோ."

றெமிஜியஸ் பாரத்தைப் பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்தார். தான் என்ன சொன்னார் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அங்கே நின்ற பாதிப் பேருக்கு ரக்ஸ் என்றால் என்னவென்று தெரியும், மிச்சப் பாதிப் பேரும் அதே மாதிரி ஏதாவது செய்கிறவர்கள். ஆனால் கூடப்பிறந்தவளின் பேரில் செய்து, அவளைக் கூப்பிட்டு வைத்தே வெல்பெயர்ச் சனம் என்று நக்கல் அடிக்கிற அளவுக்கு ஒருவரும் போகவில்லை.

"நல்ல நாளில வந்து மானத்தை வாங்குறாய். கூப்பிட்டு விட்டதுக்கு நல்ல கைமாறு. எழும்பி ரெண்டு பேரும் வீட்டை போங்கோ."

வேரோனிக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். பாரத்தை எடுத்து மடிக்கக் கையை நீட்டினாள்.

யேசுரட்ணம் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். முதுகு நிமிர அவருக்கு நேரம் எடுத்தது, எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபது வருஷமாக அந்த வீட்டில் 'ஓம் அத்தான்' என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லாத மனுஷன், பாரத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"வீட்டை போறதுக்கு வீடு இருக்கவேணுமெல்லோ அத்தான். வையுங்கோ."

பேபி மச்சாள் குசினி வாசலில் நின்றாள். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, ஆனால் எழுபது பேர் பார்க்கிறது விளங்கியது. "சனம் பாக்குது," என்றாள் தாழ்ந்த குரலில், "வைச்சு விடுங்கோவன்." கவுண்மென்றுக்குப் பயப்படாத றெமிஜியஸ் அதற்குப் பயந்தார். ஆரோ பேனையை நீட்ட, வாங்கினார். பேஸ்மென்ற் ஒப்பந்தங்களில் வைக்கிற மாதிரி பெரிய வால் வைத்த கையெழுத்து இல்லை, சின்னதாய் ஒன்றைக் கிறுக்கிவிட்டுப் பேனையை எறிந்தார்.

வேரோனிக்கா பாரத்தைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாய் வாசித்தாள். பின்னால் ஆரோ செருமினார்கள். அவள் அவசரப்படவில்லை. வாசித்து முடித்து, குனிந்து பேனையைப் புல்லிலிருந்து எடுத்து, அண்ணனிடம் திரும்பவும் நீட்டினாள்.

"திகதியும் போடுங்கோ அண்ணை."